ஊமைக் குடுவை

கரிக்குழாயை உடைத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அன்றைய வேலை முடிந்து ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் தலைவர் தும்முவது எப்படி என்று நான் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அவருடையது சாதாரணத் தும்மல் அல்ல. முதலில் கூரையைப் பார்ப்பார். பிறகு இரண்டு கைகளையும் விரிப்பார். பிறகு உலகமே காத்திருக்கும். நான் கைகளை விரித்தேன். வலது கை போய் இடித்ததில், ஆள் உயரக் கண்ணாடிக் குழாய் மெதுவாகச் சாய்ந்து, ஒரு கணம் யோசித்து, தரையில் விழுந்து நொறுங்கியது. உள்ளே இருந்த கரித்தூள் எல்லோர் கால்களையும் கறுப்பாக்கியது.

வாசலில் தலைவர் நின்றுகொண்டிருந்தார். அவர் தும்மவில்லை.

நான் வேதியியல் படித்தவன். தண்ணீரில் கலந்திருக்கும் கழிவையும் வாடையையும் கண்டுபிடிப்பது என் ஆராய்ச்சி. கேட்பதற்குக் கௌரவமாக இருக்கும். நடைமுறையில், குடுவையைத் திறந்து மூக்கை உள்ளே விடும் வேலை. இயந்திரங்களும் உண்டு. ஆனால் சில பொருள்களை இயந்திரத்துக்கு முன்பே மனித மூக்கு பிடித்துவிடும். அப்படிப்பட்ட மூக்குகளை எப்படிப் பழக்குவது, எந்த அளவுக்கு நம்புவது என்று ஒரு முறையை உருவாக்குவதிலேயே என் இளமை கழிந்தது. இளமையோடு தலைமுடியும் கழிந்தது. சீப்புக்கும் எனக்கும் உறவு விட்டுப்போய் வெகுகாலம் ஆகிறது. அலுவலகத்தில் என் பெயர் மூக்கு சார். பழிப்பா பாராட்டா என்று நான் விசாரித்ததில்லை.

முகர்வதற்கு ஒரு குழு வைத்திருந்தோம். குழுவில் சேரப் படிப்பு வேண்டாம், நல்ல மூக்கு இருந்தால் போதும். தலைவர், டைப்பிஸ்ட் அக்கா, உருவத்தால் பீப்பாய் என்று பெயர் வாங்கிய ஜீப் டிரைவர், பில் பிரிவில் வேலை செய்யும் என் மனைவி, நான். காலையில் சென்ட், பவுடர், தலைக்கு எண்ணெய் எதுவும் இல்லாமல் வந்து உட்கார வேண்டும். வெதுவெதுப்பாகச் சூடாக்கிய குடுவைகள் வரிசையாக வரும். திறந்து, முகர்ந்து, வாடைக்கு மதிப்பெண் போட வேண்டும்.

அந்தக் குடுவைகளில் ஒன்றில் மட்டும் கரித்தூள் வழியாக இறக்கிய, வாடையே இல்லாத தண்ணீர் இருக்கும். எது என்று முகர்பவருக்குத் தெரியாது. அதற்கு நாங்கள் வைத்த பெயர் ஊமை. ஊமைக்குப் பூஜ்யம்தான் போட வேண்டும். 'ஊமை பேசுகிறது' என்று எவராவது எழுதினால், அன்றைக்கு அவர் போட்ட மதிப்பெண் எல்லாம் தள்ளுபடி. தொடர்ந்து எழுதினால் ஆளே தள்ளுபடி. இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த மகான் நான்.

சில நாட்களில் வெளியிலிருந்து நிபுணர்கள் வர இருந்தார்கள். அவர்கள் முன்னால் குழு தப்பில்லாமல் முகர்ந்து காட்டினால் என் முறை எல்லா நீர்நிலையங்களுக்கும் போகும். இல்லாவிட்டால் நானும் என் மூக்கும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்த நேரம் பார்த்துத்தான், ஊமைத் தண்ணீர் தரும் ஒரே குழாயை உடைத்து வைத்தேன்.

"பழைய பம்ப் ஹவுஸ்ல இன்னொரு குழாய் கிடக்கு," என்றார் தலைவர். "கதவுக்குப் பக்கத்துலயே இருக்கும். எடுத்துட்டு வந்துடுங்க. உள்ள ஒண்ணும் பார்க்க வேணாம்."

ஒருவரிடம் ஒன்றைப் பார்க்க வேண்டாம் என்று சொல்வதில் உள்ள ஆபத்து அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பீப்பாயும் நானும் போனோம். வளாகத்தின் கோடியில், புதர்களுக்கு நடுவே, ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்த கட்டடம். உச்சி வெயில். ஆனால் வெயில் வாசற்படி வரைக்கும்தான் வந்தது. அதற்கு மேல் வர அதற்கே விருப்பமில்லாதது போல் நின்றுவிட்டது. உள்ளே எங்கோ ஒரு துளி சொட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் கால் வைத்ததும் அது நின்றது.

குழாய் கதவுக்குப் பக்கத்தில் இல்லை. அறையின் நடுவில், நிலத்தடித் தொட்டியின் இரும்பு மூடிமேல் குறுக்கே கிடந்தது. எவரோ வேண்டுமென்றே பாரத்துக்கு வைத்தது போல. நான் குழாயைத் தூக்க, கால் மூடியில் பட்டு, மூடி ஒரு சாண் நகர்ந்தது.

அடியில் தண்ணீர். எவ்வளவு ஆழம் என்று தெரியவில்லை. கறுப்பாக இருந்தது. அசையவில்லை.

வழக்கம்போல் மூக்கை நீட்டினேன். பூட்டிக் கிடக்கும் தொட்டியில் துரு வாடை வரும், பாசி வாடை வரும், செத்த எலி வாடை கட்டாயம் வரும். இதில் எதுவும் வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. அந்தத் தண்ணீர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

எனக்குப் பயம் வந்தால் ஜோக்கும் சேர்ந்தே வரும். அது ஒரு வியாதி. குனிந்து, "உள்ள யாரு? எவ்வளவு நேரம் இருட்டுல உட்கார்ந்திருப்பீங்க? வாங்க, எங்க குழுவுல ஒரு நாற்காலி போடறோம்," என்றேன்.

என் குரல் கீழே போனது. திரும்பி வரவில்லை.

நான் கொட்டாவி விட்டாலே சிரிக்கிறவன் பீப்பாய். அன்று சிரிக்கவில்லை. "சார், அப்படியெல்லாம் கூப்பிடாதீங்க. மூடுங்க முதல்ல," என்று கிசுகிசுத்தான்.

மூடியைத் தள்ளினோம். அது இடம் சேரும்போது கீழே ஒரு சத்தம் கேட்டது. நீளமான எதையோ எவரோ நிதானமாகப் பிழிவது போன்ற சத்தம்.

மறுநாள் காலை குடுவைகள் வந்தன. முதல் குடுவை ஆற்று நீர், மண் வாடை. அடுத்தது குளோரின். அதற்கடுத்ததைத் திறந்து குனிந்தேன்.

சிக்கு வாடை.

ஈரம் காயாமல் முடிந்து வைத்த கூந்தலை நாள் கழித்து அவிழ்த்தால் வருமே, அதே சிக்கு. எங்கள் மதிப்பெண் தாளில் மண், பாசி, மீன், மருந்து என்று வாடைகளுக்குப் பெயர்கள் அச்சடித்திருக்கும். சிக்கு என்று ஒன்று இல்லை. தவிர, மொட்டைத் தலையன் ஒருவன் மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 'பெண்ணின் கூந்தல் வாடை வருகிறது' என்று எழுதினால் அன்று மாலை வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? 'அடையாளம் தெரியாத வாடை' என்று நாகரிகமாக எழுதினேன். அந்த வார்த்தையை வாய்விட்டு எவரிடமும் சொல்லவில்லை.

தாள்களைப் புரட்டினால், அந்தக் குடுவைக்கு மற்ற எல்லோரும் பூஜ்யம் போட்டிருந்தார்கள். அது ஊமை.

"ஏம்மா, உனக்கு ஒண்ணுமே வரலையா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"வரலையே," என்றாள். என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

நான் கொண்டுவந்த சட்டப்படி என் மதிப்பெண்களை நானே தள்ளுபடி செய்தேன். குடுவையை அமிலத்தில் கழுவினேன். கரித்தூளை மாற்றினேன். பழைய குழாயைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று வரவழைத்தேன். இயந்திரத்தில் கொடுத்துப் பார்த்தேன். இயந்திரம் மேடுபள்ளம் இல்லாத நேர்கோடு ஒன்றைப் போட்டுக் கொடுத்தது. தண்ணீர் சுத்தம்.

ஆனாலும் ஒவ்வொரு காலையும், ஒவ்வொரு ஊமையிலும், சிக்கு. நாளுக்கு நாள் அது கனத்தது. முதலில் குடுவையின் அடியிலிருந்து வந்தது. பிறகு குடுவையின் வாயிலேயே காத்திருந்தது.

மற்றவர்கள் பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம்.

"மூக்குக்குக் கொஞ்சம் ஓய்வு குடுங்க தம்பி," என்றார் தலைவர், என் தோளைத் தட்டப் போய், கையைப் பாதியில் இழுத்துக்கொண்டு.

வீட்டில் மகளுக்குச் சளி என்று மனைவி அவளோடு பக்கத்து அறையில் படுக்கத் தொடங்கினாள். மகள் நன்றாகத்தான் விளையாடிக்கொண்டிருந்தாள். நான் கேட்கவில்லை. என் மூக்கின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்ட பிறகு, அடுத்தவர் சளியைப் பற்றிக் கேட்க எனக்கு என்ன தகுதி?

ஒரு காலை, அவர்களுக்குச் சொல்லாமல் ஒரு காரியம் செய்தேன். எல்லாக் குடுவைகளிலும் ஊமைத் தண்ணீரையே நிரப்பினேன். ஆற்று நீரும் இல்லை, குளோரினும் இல்லை. உண்மையாக முகர்கிறவர்கள் திகைப்பார்கள், ஒருவரையொருவர் பார்ப்பார்கள், 'என்ன சார், இன்னிக்கு எல்லாமே ஊமையா?' என்று கேட்பார்கள். நான் முகரவில்லை. அவர்களுக்குப் பின்னால் மெதுவாக நடந்தபடி கவனித்தேன்.

டைப்பிஸ்ட் அக்கா குடுவையைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனார். நான் அவர் நாற்காலியை நெருங்கினேன். அவர் முதுகு விறைத்தது. கண்களில் நீர் கட்டியது.

அவர் மூச்சை இழுக்கவில்லை.

பீப்பாயின் பெரிய மார்பு அப்படியே நின்றிருந்தது. தலைவர் உதடுகளை இறுக்கியிருந்தார். என் மனைவி கண்களை மூடியிருந்தாள். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, குடுவையை ஒப்புக்கு மூக்கருகே காட்டிவிட்டு, எழுதினார்கள்.

அறையில் சத்தமே இல்லை. என் செருப்புச் சத்தம் மட்டும். அதற்குப் பின்னால், கொஞ்சம் தாமதமாக, ஈரமாக, இன்னொன்று.

நான் நின்றேன். அதுவும் நின்றது.

தாள்களை வாங்கினேன். எல்லாம் பூஜ்யம். எல்லாமே சரியான விடை. முகராமலே.

எவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. நான் தினமும் சிரிக்க வைத்த முகங்கள் அவை. பீப்பாய்க்குக் கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக் கொடுத்தவன் நான். டைப்பிஸ்ட் அக்கா அழுத நாளில் அவர் எதிரே உட்கார்ந்து அவருக்குச் சிரிப்பு வரும்வரை எழுந்திருக்காதவன் நான். அவர்கள் என் கண்ணெதிரே உட்கார்ந்து, சேர்ந்து, என்னை ஏமாற்றிக்கொண்டிருந்தார்கள். வரிசையின் கடைசி நாற்காலியில் என் மனைவி.

அன்று மதியம் மாதிரி எடுக்க ஜீப்பில் போகும்போது மழை பிடித்துக்கொண்டது. பீப்பாய் தன் பக்கத்து ஜன்னலை முழுக்கத் திறந்து வைத்து, தலையை வெளியே நீட்டி ஓட்டினான். பாதி பீப்பாய் நனைந்துவிட்டது.

"கண்ணாடியை ஏத்துப்பா. உள்ள குளமாயிடும்."

"இருக்கட்டும் சார். அந்தச் சிக்கு வாடை கொஞ்சம் வெளிய…"

நாக்கைக் கடித்துக்கொண்டான்.

மழை கூரையில் தடதடத்தது. நான் மெதுவாகக் கேட்டேன். "என்ன வாடை?"

"ஒண்ணுமில்ல சார்."

"சிக்குன்னு சொன்னே."

"சிக்கல்னு சொன்னேன் சார். வண்டியில ஒரு சிக்கல். கியர்ல."

"கியர் வாடை அடிக்குமா?"

அவன் கண்கள் பின்னால் பார்க்கும் நடுக் கண்ணாடிக்குப் போயின. நான் முன் இருக்கையில் அவன் பக்கத்தில் இருந்தேன். அவன் பார்த்தது என் இருக்கைக்குப் பின்னால். பார்த்ததும் கண்ணாடியைக் கையால் திருப்பி, கூரையைப் பார்க்க வைத்தான்.

"நீயும் முகர்ந்திருக்கே. முதல் நாள்லேருந்தே. இல்ல?"

"என்னைக் கேட்காதீங்க சார். உங்க கால்ல விழறேன், கேட்காதீங்க."

ஜீப் திரும்பியதும் நேராகத் தலைவர் அறைக்குப் போனேன். நான் நுழைந்ததும் அவர் எழுந்து ஜன்னலைத் திறந்தார்.

"எல்லாருக்கும் வருது," என்றேன். "எல்லாரும் பூஜ்யம் போடறீங்க. நான் பைத்தியம்னு என்னையே நம்ப வெச்சீங்க. ஏன்?"

"உட்காருங்க தம்பி. வேணாம், நின்னே பேசுவோம்." மேசைமேல் இருந்த தாளை நகர்த்தினார். நிபுணர்கள் வரும் நாளுக்கான ஏற்பாடு. முகர்பவர்கள் பெயர்களில் என் பெயர் இல்லை. முறையை விளக்குபவர் என்ற இடத்தில் அவர் பெயர் இருந்தது. "ஊமை பேசுதுன்னு நாங்களும் எழுதினா முறையே போச்சு. உங்க உழைப்புதான் போகும். உங்களைக் காப்பாத்தத்தான்…"

"என் பேரை எடுத்துட்டு என்னைக் காப்பாத்தறீங்களா?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு பேசினார். "நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல இங்க முகர்ந்து பார்க்க ஒரு பொண்ணு இருந்தா. பம்ப் ஹவுஸ் தண்ணியில வாடை இருக்குன்னு அவ ஒருத்திதான் சொன்னா. நாங்க எல்லாரும் பூஜ்யம் போட்டோம். மேல இருந்து அப்படிப் போடச் சொன்னாங்க. அவளுக்கு மூக்கே சரியில்லைன்னு எழுதினோம். மூடியைத் திறந்து காட்டறேன்னு போனா. திரும்பி வரல."

"அப்புறம்?"

"மழைக்காலம். தலைகுளிச்சுட்டு வந்திருந்தா. கூந்தல் இவ்வளவு நீளம்…" கையால் காட்டப் போனவர் நிறுத்தினார்.

"அந்தத் தண்ணியில வாடை இருந்துச்சா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

தலைவர் கூரையைப் பார்த்தார். இரண்டு கைகளையும் விரித்தார். உலகமே காத்திருந்தது. தும்மினார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டே, "போகும்போது கதவைச் சாத்த வேணாம்," என்றார்.

பயத்தைவிட அப்போது எனக்கு வேறொன்றுதான் அதிகமாக இருந்தது. அந்தப் பெண் எவளோ, அவள் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். இத்தனை நாளாக நானும் அதே நாற்காலியில்தான் இருந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தபோது வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. மகள் பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போயிருந்தாள். மனைவி சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். நான் வாசற்கால் அருகே நின்றேன். அவள் திரும்பாமலே குழாயை நிறுத்தினாள். நான் வந்தது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

"அவங்க எல்லாம் பொய் சொன்னாங்க, சரி," என்றேன். "பீப்பாய்க்கு வேலை போயிடும்னு பயம். அக்காவுக்குத் தலைவர்னா பயம். உனக்கு என்ன? நீ ஏன்மா பூஜ்யம் போட்டே?"

பாத்திரத்திலிருந்து நீர் சொட்டியது.

"ஒரு ஜோக்கும் சொல்லமாட்டேன். ஒண்ணே ஒண்ணு கேட்கறேன், நேரா பதில் சொல்லு. ஊமையில வாடை இருக்கா?"

"தண்ணியில இல்லீங்க," என்றாள்.

"பின்னே?"

"உங்க மேல."

சமையலறை எனக்கு மிகவும் சின்னதாகிவிட்டது.

"அன்னிக்கு நீங்க பம்ப் ஹவுஸ் போயிட்டு வந்தப்பவே வந்துச்சு. உங்க சட்டையில, உங்க தலையணையில. ஒரு பொம்பளையோட ஈரத் தலை வாடை. வேற எவளோ இருக்கான்னு நெனச்சேன்." அவள் குரல் உடைந்தது. "ரெண்டு ராத்திரி அழுதேன். உங்களைக் கேட்க மானம் இடம் கொடுக்கல."

"அட பைத்தியமே. இந்த மொட்டைத் தலையை யாரு…" பழக்கதோஷம். நிறுத்திக்கொண்டேன். "அப்படி யாரும் இல்லம்மா. சத்தியமா."

"தெரியும்." அவள் இப்போதுதான் திரும்பினாள். கன்னங்கள் நனைந்திருந்தன. "அப்புறம் குழுவுல உட்கார்ந்தப்ப பார்த்தேன். நீங்க குடுவைமேல குனியறப்ப உங்க பின்னாலேருந்து அந்தப் பொம்பளையும் கூடவே குனிஞ்சாங்க. முடி முன்னால விழுந்து குடுவை வாயை மூடிடுச்சு. நீங்க அதைத்தான் முகர்ந்தீங்க. மத்த குடுவையில தண்ணியோட வாடை அதை மறைச்சுடுச்சு."

என் கழுத்தைத் திருப்ப வேண்டும் என்று நினைத்தேன். கழுத்து திரும்ப மறுத்தது.

"இதை எங்கிட்ட சொல்லியிருக்கலாமே," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "நீயாவது. தலைவர் வாயை மூடுன்னா மூடிடுவியா?"

"அவருக்காக நான் மூடல."

"பின்னே யாருக்காக?"

அவள் கண்கள் என் முகத்திலிருந்து மெதுவாக விலகி, என் இடது தோளுக்குப் போய், அங்கே நின்றன. ஒருவரை நேருக்கு நேர் பார்க்கும் பார்வை அது.

"உங்க தோள்ல கன்னத்தை வெச்சிருக்காங்களே, அவங்கதான் சொல்லாதேன்னு உதட்டுல விரலை வெச்சுக் காட்டினாங்க," என்றாள் என் மனைவி. "இப்பவும் காட்டறாங்க."